தேவையற்ற நிறுத்தம்

நிற்பதற்கும் டீசல் செலவாகும் என்பது கோகுலனுக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரிய வந்தது. பாலிங்குக்கு அப்பால் மலையில், ஈயச் சுரங்கத்தில் இருபது வருஷம் டம்பர் லோரி ஓட்டியபோது அவனிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. ஜார்ஜ் டவுனில், வெல்ட் கீ ஓரமாகக் கடலைப் பார்த்து நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், ஏர்கோன் குளிருக்குக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னார்கள்.

சொன்னவன் ஹைருல். சுரங்கக் கம்பெனியின் புதுத் திட்டத்துக்கு அவன்தான் பொறுப்பு. சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கடையில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் இன்ஜினியரிங் படித்து, கடைசியில் கடையைவிடச் சின்ன அறையில் வந்து அடைந்துவிட்டான். ஆனால் நல்ல பையன். டிரைவர்களை அண்ணே என்றுதான் கூப்பிடுவான், அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பான். அப்படிப்பட்டவனிடம் போய்ப் பொய் சொன்னதுதான் பிற்பாடு வினையாயிற்று.

திரையில் ஒரு கோடு ஓடியது. குழியிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு மேலே ஆலைக்கு வருகிற வழியெல்லாம் லோரி எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று காட்டும் கோடு. ஓரிடத்தில் மட்டும் அது முள் மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"இங்க பாருங்கண்ணே. பெரிய வளைவுக்குக் கீழ, ஏத்தம் ஆரம்பிக்கிற இடம். எல்லா டிரைவரும், எல்லா டிரிப்பும், இங்க நிக்கிறீங்க. நின்னு, ஒரு ஹார்ன் அடிச்சு, அப்புறம்தான் ஏறுறீங்க. முழு லோட்டோட நின்னு கிளம்பறதுக்கு எவ்ளோ டீசல் போகுது தெரியுமா? ஏன் நிக்கிறீங்க?"

கோகுலன் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காரணம் இருந்தா சொல்லுங்கண்ணே. பாதுகாப்புக்குன்னா நான் மேப்ல கட்டாய நிறுத்தம்னு குறிச்சிருவேன். அப்புறம் யாரும் அதுல கை வைக்க மாட்டாங்க."

"பிரேக் பாப்போம் தம்பி" என்றான் கோகுலன். "ஏத்தத்துக்கு முன்னால ஒரு தடவ அமுக்கிப் பாத்துக்குவோம். அவ்ளோதான்."

"ஓ, பிரேக்கா? சரி சரி." ஹைருல் அதைக் கம்ப்யூட்டரில் தட்டி ஏற்றிக்கொண்டான்.

பிரேக் என்பது டிரைவர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்ட பதில். அந்த வளைவில் முனியாண்டி இருக்கிறார். பெரிய கோயில் ஒன்றும் இல்லை. ஒரு கல், அதன்மேல் மஞ்சள் துணி, பக்கத்தில் ஒரு சூலம், சூலத்தில் எலுமிச்சம்பழம், வெள்ளிக்கிழமையானால் டிரைவர் வாசு பற்றவைத்து வைக்கிற சுருட்டு. தூரத்திலிருந்து பார்த்தால் சர்வேக்காரன் நட்டுவைத்த அடையாளம் என்று நினைத்துக்கொள்ளலாம், அப்படித்தான் பல மேனேஜர்களும் நினைத்துக்கொண்டு போனார்கள். கம்பெனி நிலத்தில் கோயில் என்று வாயைத் திறந்தால் விஷயம் எங்கெங்கே போய் முடியும் என்று இந்த நாட்டுத் தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் யார் கேட்டாலும் பிரேக். முனியாண்டியும் இதுவரை ஆட்சேபம் சொல்லவில்லை.

கோகுலன் அங்கே நிற்பது முனியாண்டிக்காக மட்டும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் தம்பி புவனேஸ்வரன் அங்கேதான் லோரியோடு பள்ளத்தில் விழுந்து செத்தான். ஏற்றத்தில் பாதி ஏறியபோது கியர் நழுவி, பிரேக் பிடிக்காமல், முழு லோட்டோடு லோரி பின்னால் உருண்டு வந்தது. அதற்கு அடுத்து வந்துகொண்டிருந்த லோரியில் கோகுலன் இருந்தான். விசாரணையில் என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். பிரேக் பிடிக்கவில்லை, விழுந்துவிட்டான் என்றான். அதற்குமேல் அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. டிரைவர்கள் கூடிக் கல்லை நட்டு முனியாண்டியைக் கொண்டுவந்து உட்கார வைத்தது அதற்குப் பிறகுதான். கல் ஏற்றி வருகிற ஒவ்வொரு லோரியும் அங்கே நின்று, ஒரு ஹார்ன் அடித்து, கியரைச் சரிபார்த்து, அப்புறம் ஏற வேண்டும் என்று அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அங்கே ஒரு விபத்தும் இல்லை.

தம்பிக்காகக் கோகுலன் அழவில்லை. பட்டர்வொர்த் சுடுகாட்டில் எல்லாரும் அழுதார்கள், இவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்லு மாதிரி நிக்கிறான் பாரு என்று யாரோ சொன்னது அவன் காதிலும் விழுந்தது. சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அந்த மாதிரி அவனுக்கு ஆள் முழுக்க மரத்துப்போயிருந்தது. பசித்தால் தெரியும், கை சுட்டால் தெரியும். அதற்குமேல் உள்ளே எதுவும் போகவில்லை, உள்ளேயிருந்து எதுவும் வரவுமில்லை. ஊசியின் மயக்கமாவது இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

அவன் மனைவி ரூபினி பக்கத்து ஊரான பிறையில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். சர்க்கிட் போர்டில் ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கிற வேலை. புருஷன் தோண்டுறான், பெண்டாட்டி ஒட்டுறா என்று அவர்கள் குடியிருக்கும் பட்டர்வொர்த் ஃப்ளாட்டில் கிண்டல் செய்வார்கள். முதல் வருஷம் முழுக்க அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள். "அன்னிக்கு என்ன ஆச்சுங்க? ஏதாவது சொல்லுங்களேன். சொன்னாத்தான் பாரம் எறங்கும்." அவன் ஒண்ணுமில்ல என்பான். அப்புறம் மலைக்குப் போய்விடுவான். அங்கே டிரைவர்கள் தங்கும் கொங்சி இருந்தது. வாரத்தில் ஒருநாள் துணிமூட்டையோடு வந்து, விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவான். ஒரு கட்டத்தில் ரூபினி கேட்பதை விட்டுவிட்டாள். சண்டை போட்டுவிட்டு நிறுத்தவில்லை, அலுத்துப்போய் நிறுத்திவிட்டாள். சண்டையே தேவலை. ஆனால் அதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

இதற்கிடையில் வெளிநாட்டில் ஈயம் வாங்குகிறவர்களுக்கு ஞானம் பிறந்தது. ஒரு டன் ஈயத்துக்கு எவ்வளவு டீசல் எரிகிறது, எவ்வளவு புகை போகிறது என்று கணக்குக் காட்டினால்தான் வாங்குவோம் என்றார்கள். பச்சை ஈயம் வேண்டுமாம். "ஈயம் என்னிக்கு லா பச்சையா இருந்துச்சு?" என்று வாசு கேட்டான். கம்பெனி அவசர அவசரமாகப் பச்சையானது. கழிவுமண் மேட்டில் கன்று நட்டார்கள். நட்ட கன்றுகளை டிரோன் பறந்து எண்ணியது. லோரிகளில் கேமராவும் சென்சாரும் வைத்தார்கள். டிரைவர்கள் ஓட்டுகிற ஓட்டம் முழுவதையும் எட்டு மாதம் பதிவு செய்தார்கள். அதைப் பார்த்து லோரி தானாக ஓடக் கற்றுக்கொள்ளும், கற்றுக்கொண்டதும் டிரைவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு மலாய்க்கார அதிகாரி சிரித்த முகத்தோடு விளக்கினார். டிரைவர்களும் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார்கள். வேறென்ன செய்ய?

பதிவு செய்த ஓட்டங்களில் மிகக் குறைவாக டீசல் எரித்தது கோகுலன் ஓட்டியதுதான். அவசரப்படமாட்டான், வீணாக முடுக்கமாட்டான். உள்ளே எதுவும் ஆடாதவன் லோரியையும் ஆட்டவில்லை போலிருக்கிறது. எல்லா லோரிகளுக்கும் அவன் ஓட்டத்தையே மாதிரியாகக் கொடுத்தார்கள்.

டிரைவர்கள் போனார்கள். வாசுவை மட்டும் லோரிகளின் கேமராக் கண்ணாடியைத் துடைக்க மலையில் வைத்துக்கொண்டார்கள். ஜார்ஜ் டவுன் கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி இருந்தது. லோரிகள் எங்கேயாவது தடுமாறினால் இங்கிருந்தே கையில் எடுத்து ஓட்ட, ஓட்டத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அதற்குத் தேர்வு வைத்தார்கள். கோகுலனும், கிஷன் என்கிற இளம் டிரைவரும் கூப்பிடப்பட்டார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் ரூபினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த வேல கெடச்சா தினம் வீட்டுக்கு வந்துருவீங்கல்ல?"

"ம்."

"கெடைக்கலன்னா?"

"மாக் மண்டின்ல கோடவுன் ஒண்ணுல காவலுக்கு, ஜாகா வேலைக்குக் கூப்பிடுறாங்க. நைட் ஷிஃப்ட்."

ரூபினி கையால் மேசையைத் தேய்த்தாள். "இங்க பாருங்க. இந்தத் தடவையும் வீட்டுல இல்லாத மாதிரியே ஒரு வேலையத் தேடிக்கிட்டீங்கன்னா, நான் ஜொகூர்ல எங்க அக்காகிட்டப் போயிருவேன். மெரட்டல. சொல்லி வைக்கிறேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். கோகுலனுக்குப் பயம் வரவேண்டும். வரவில்லை. ஆனால் பயப்பட வேண்டிய விஷயம் இது என்று மட்டும் புத்திக்குத் தெரிந்தது.

ஒத்திகைக்கு ஏழாவது மாடிக்குப் போனான். லோரி இருக்கையையே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஸ்டியரிங், பெடல், சுற்றி மூன்று திரை. திரையில் மலை தெரிந்தது. ஸ்பீக்கரில் இன்ஜின் உறுமியது. அங்கே நிஜ லோரி ஒன்று, நிஜக் கல்லோடு, உள்ளே ஆளில்லாமல் அவன் காலுக்குக் காத்துக்கொண்டிருந்தது. இவன் இங்கே மிதித்தான், அது அங்கே நகர்ந்தது.

நன்றாகத்தான் ஓட்டினான். பெரிய வளைவு வந்தது. மஞ்சள் துணி திரையின் ஓரத்தில் ஆடியது. அவன் கால் அவனைக் கேட்காமல் பிரேக்குக்குப் போயிற்று. லோரி நின்றது. கட்டைவிரல் ஹார்னை அமுக்கியது. மலையில் அடித்த ஹார்ன், கடலோரத்து அறையில் ஸ்பீக்கர் வழியாகக் கேட்டது.

மலையில் எல்லாரோடும் சேர்ந்து நின்றுகொண்டிருந்த கிஷன் இங்கே நிற்காமல் போயிருந்தான். அவனுக்குப் புவனேஸ்வரன் யாரென்றே தெரியாது, போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவன்.

"அண்ணே" என்றான் ஹைருல். "ஓட்டத்துல நீங்கதான் மேல. ஆனா அந்த ஒரு எடத்துல எல்லாம் போயிருது. பிரேக்க இப்ப சென்சாரே பாத்துக்குதுல்ல? அது உங்க வேல இல்லண்ணே இனிமே. நாளைக்கு நெஜத் தேர்வு. நிக்காமப் போயிருங்க, சீட்டு உங்களுக்குத்தான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்து அடக்கிக்கொண்டான் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். வாய்வரை வரவே இல்லை. நாக்கு அதுபாட்டுக்குச் சும்மா கிடந்தது. "சரி தம்பி" என்றான்.

மறுநாள் அவன் ஒரு தந்திரம் செய்தான். வளைவு நெருங்கும்போது சாலையைப் பார்க்கவில்லை. வேகத்தைக் காட்டும் எண்ணை மட்டும் பார்த்தான். வலது காலைப் பெடலில் அழுத்தி, முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டான், வேறு யாருடைய காலையோ பிடிப்பது மாதிரி. மஞ்சளாக ஏதோ ஒன்று ஓரத்தில் வந்து போனது. ஹார்ன் அடிக்கவில்லை. லோரி ஏற்றத்தில் ஏறி ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹைருல் கை தட்டினான். கிஷன் எழுந்து வந்து கை கொடுத்தான். "கிளாஸ் லா அண்ணே."

அன்று முழுக்கக் கோகுலன் காத்திருந்தான். மலையிலிருந்து வாசு கூப்பிட்டு லோரி கவிழ்ந்தது, குழி சரிந்தது என்று ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தான். அக்கரையில் பட்டர்வொர்த்துக்குப் போகும் ஃபெரியில் மோட்டார்சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இப்போது நெஞ்சு வலிக்கும் என்று எதிர்பார்த்தான். ஃபெரி ஒழுங்காகக் கரை சேர்ந்தது. ரூபினி பாயசம் வைத்திருந்தாள். இரண்டாவது தம்ளரும் குடித்தான், இனிப்பாக இருந்தது. படுத்தவன் தூங்கியும் விட்டான். ஒன்றுமே நடக்கவில்லை. முனியாண்டி ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால்கூட அவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

லோரிகள் தானாக ஓட ஆரம்பித்த முதல் நாள் காலையில் வாசு போன் செய்தான்.

"அண்ணே, நிக்குதுண்ணே."

"எது?"

"லோரிண்ணே. உள்ள ஆள் இல்ல, ஒண்ணும் இல்ல. நேரா வந்து முனியாண்டி முன்னால நிக்குது. நின்னு ஹார்ன் அடிக்குது. அப்புறம்தான் ஏறுது. ஒண்ணு பின்னால ஒண்ணு, எல்லாம் அப்படியே செய்யுது. நான் செருப்பக் கழட்டிட்டுக் கும்பிட்டுட்டேன். ஒங்க ஓட்டம்தான அது? அச்சா ஒங்கள மாதிரியே நிக்குதுண்ணே."

கோகுலன் திரையைப் பார்த்தான். அங்கேயும் நின்றது. மஞ்சள் துணிக்கு முன்னால் அந்தப் பெரிய வண்டி, யாரும் இல்லாத இருக்கையோடு, அவன் நிற்கிற அதே இடத்தில், அவன் நிற்கிற அவ்வளவு நேரமே நின்றது. அந்த எட்டு மாதம் அவன் கும்பிட்டதையெல்லாம் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் படித்திருக்கிறார்கள். அவனுக்கு ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றவில்லை. திரையின் அடியில் எழுத்து வந்தது: தேவையற்ற நிறுத்தம். தொடரலாமா?

"அத அமுக்குங்கண்ணே" என்றான் ஹைருல். "உங்க ஓட்டத்துலேருந்து அந்த நிறுத்தத்த மட்டும் வெட்டப் பாத்தோம், முன்னுக்கும் பின்னுக்கும் வேகம் ஒட்டல. அதான் இப்படி வச்சிருக்கோம். நிக்கறப்பல்லாம் அது கேக்கும். நீங்க தொடரலாம்னு அமுக்குங்க. அமுக்க அமுக்க அதுவே புரிஞ்சுக்கும், இங்க நிக்க வேண்டியதில்லன்னு. கொஞ்ச நாள்ல மறந்துரும்."

இப்படியாகக் கோகுலனுக்கு வேலை அமைந்தது. காலையில் ஃபெரி ஏறி வருவான். நாற்காலியில் உட்காருவான். மலையில் ஒரு லோரி முனியாண்டிக்கு முன்னால் நின்று அவனைக் கேட்கும். போ என்று அமுக்குவான். அடுத்தது வரும், அதுவும் கேட்கும், அதற்கும் போ. மதியம் ஹைருல் சூலியா தெருவிலிருந்து நாசி கண்டார் கட்டி வருவான், சாப்பிடுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போவான். ரூபினி எதிரில் உட்கார்ந்து அவளும் சாப்பிடுவாள். அவன் வீட்டில் இருந்தான், அவள் கேட்டது அதுதான். பேச்சுதான் இல்லை. தட்டும் கரண்டியும் பேசிக்கொண்டன. அவள் ஜொகூர்ப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஆனால் பழைய ரூபினியாகச் சிரிக்கவும் இல்லை.

நாளாக ஆக லோரிகள் மறக்கத் தொடங்கின. முதலில் ஹார்ன் போயிற்று. அப்புறம் நிற்பது குறைந்து, வேகத்தை மட்டும் கொஞ்சம் தணித்து, தயங்கித் தயங்கிப் போயின. அப்புறம் தயக்கமும் போயிற்று. கோட்டில் இருந்த முள் மழுங்கிக்கொண்டே வந்தது. பச்சைக் கணக்கு நன்றாக இருக்கிறது, ஈயம் வாங்குகிறவர்களுக்கு அறிக்கையும் போய்விட்டது என்று ஹைருல் சந்தோஷமாகச் சொன்னான். ஒரே ஒரு லோரி மட்டும் பிடிவாதமாக நின்றுகொண்டிருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஓட்டம் குறைவு, பாதி நாள் பட்டறையில் கிடந்தது. அதனால் பாடம் மெதுவாக ஏறியது.

ஒரு மதியம் மலையில் மழை. ஜன்னலுக்கு வெளியே கடலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, திரையில் மட்டும் மழை பெய்தது. அந்த லோரி வந்தது, வளைவுக்குக் கீழே நின்றது. மற்ற லோரிகள் எல்லாம் மறந்துவிட்ட ஹார்னை ஒரு தடவை அடித்தது. எழுத்து வந்தது: தேவையற்ற நிறுத்தம். தொடரலாமா?

கோகுலன் அமுக்கவில்லை.

லோரி நின்றது. வைப்பர் ஆடியது. மஞ்சள் துணி நனைந்து கல்லோடு ஒட்டியிருந்தது. பின்னால் இன்னொரு லோரி வந்து நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. கோடு முள்ளாகி மேலே ஏறத் தொடங்கியது. ஹைருல் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தான்.

"அண்ணே? என்ன ஆச்சு? லைன் ஹேங்கா?"

"இல்ல."

"அமுக்குங்கண்ணே, பின்னால நிக்குது."

"அங்கதான் என் தம்பி செத்தான்" என்றான் கோகுலன்.

அடுத்த வீட்டுச் செய்தியைச் சொல்கிற குரலில்தான் அது வந்தது. ஆனால் ஆறு வருஷத்தில் அதைப் பற்றி அவன் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. ஹைருல் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். முனியாண்டி, கல், ஹார்ன், பிரேக் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் கோகுலன் நாலு வரியில் சொல்லி முடித்தான். ஹைருல் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அன்னிக்கே கேட்டனேண்ணே. காரணம் இருந்தா சொல்லுங்கன்னு. ஒரு ஆள் செத்த எடம்னா, கட்டாய நிறுத்தம்னு ஒரு வரி போட்டிருப்பேன். வாங்குறவன்கூட ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான். அவங்களுக்கும் பாதுகாப்புதான் முதல்ல."

"இப்பப் போட முடியாதா?"

"அறிக்கை போயிருச்சேண்ணே. இந்த டீசல் கணக்குலதான் கையெழுத்தே ஆயிருக்கு. அடுத்த வருஷம் மறுபடி தணிக்கை வரும், அப்ப நானே கேட்டுப் பாக்குறேன். சத்தியமாக் கேப்பேன். ஆனா இப்ப..." அவன் திரையைப் பார்த்தான். நாலாவது லோரியும் வந்து நின்றிருந்தது. "நான் அமுக்கட்டுமாண்ணே?"

"வேணாம் தம்பி. நிக்கச் சொல்லிக் குடுத்தது நான்தான்."

அமுக்கினான். லோரி மழையில் மெல்ல நகர்ந்து ஏற்றத்தில் ஏறியது. திரையில் புதிதாக ஒரு வரி வந்தது. நன்றி, இந்த இடத்தைப் பற்றி இனிக் கேட்கப்படாது என்றது. பின்னால் நின்றவை ஒவ்வொன்றாக, அங்கே எதுவும் இல்லாதது மாதிரி, முனியாண்டியைக் கடந்து போயின.

கோகுலன் அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இதே வார்த்தையைச் சொல்லாமல் சொல்லிவிட்டு ஒருத்தி ஐந்து வருஷமாகத் தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அது பயம். அதை அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவன் மாடி ஏறவில்லை. ஃப்ளாட்டுக்குக் கீழே, ஃபேக்டரி பஸ் வந்து நிற்கும் இடத்தில், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பஸ் வந்தது. ரூபினி இறங்கினாள். அவனைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அங்கே வந்து காத்திருந்ததில்லை.

"என்னங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றான். பழக்கத்தில் அதுதான் முதலில் வந்தது. பிறகு, "ரூபி, புவனப் பத்தி எங்கிட்ட எதாச்சும் கேளேன்" என்றான்.

அவள் கையில் சாப்பாட்டுப் பாத்திரப் பையோடு நின்றாள். இறங்கியவர்கள் எல்லாம் கலைந்து போனார்கள். பஸ் புகையைக் கக்கிவிட்டுத் திரும்பியது. எங்கே தொடங்குவது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஒரு காலத்தில் அவளிடம் எத்தனையோ கேள்விகள் இருந்தன.

"அன்னிக்குக் காலைல சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டான். ரொட்டி சானாய். பாதி தின்னுட்டு, போதும்ணே, நீ தின்னுன்னு மீதிய எங்கிட்டக் குடுத்தான். நான்தான் தின்னேன்."

சொல்லி முடித்ததும் அவன் கீழுதடு துடித்தது. அதை நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. ரூபினி பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டி பின்னால உருண்டு வந்துச்சுல்ல ரூபி, நேரா என் மேலதான் வந்துச்சு. கண்ணாடில என்னையப் பாத்துட்டான். எனக்கும் தெரிஞ்சுச்சு, பாத்துட்டான்னு. பிரேக்குதான் இல்ல, ஸ்டியரிங் இருந்துச்சு. அவன்தான் திருப்பினான். பள்ளத்துப் பக்கமா அவனேதான் திருப்பினான்."

ரூபினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"அப்புறம்?" என்று கேட்டாள்.